காதுக்குள் போடும் ஊசி: உள்காதுக்கு மருந்து எப்படிப் போகிறது, கேட்பை என்ன செய்கிறது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு, கையில் சீட்டோடு கேட்புப் பரிசோதனை அறைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நான் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுப்பவன், மருந்து எழுதுபவன் இல்லை. மருந்தின் அளவும் நாளும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். ஆனால் டாக்டர் 2 நிமிடத்தில் சொன்னதை விளக்கிக் கேட்க ஆள் இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய. உள்காது விஷயத்தில் மருந்தின் பெயரைத்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். அது எந்த வழியாக, எத்தனையாவது நாளில் உள்ளே போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

காதில் சொட்டு மருந்து விட்டால் உள்காதுக்குப் போகாதா?

போகாது. சொட்டு மருந்தின் பயணம் செவிப்பறையோடு முடிந்துவிடும். செவிப்பறை கிழியாமல் இருந்தால் அதைத் தாண்டி ஒரு துளியும் இறங்காது. அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய நடுக்காது, மூன்று குட்டி எலும்புகள். அதற்கும் பின்னால், உடம்பின் மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்றுக்குள் புதைந்து கிடப்பதுதான் உள்காது. இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட காக்ளியா கேட்பதற்கு. பக்கத்திலேயே மூன்று அரைவட்டக் குழாய்கள், நாம் தடுமாறாமல் நிற்பதற்கு. இரண்டுக்கும் திரவம் பொது. அதனால்தான் உள்காது கெட்டால் பலருக்குத் தலையும் சேர்ந்து சுற்றுகிறது.

காதழுக்கைக் கரைக்கவும் வெளிக்காதுப் புண்ணை ஆற்றவும் சொட்டு மருந்து நல்ல மருந்துதான். நரம்புக் கோளாறுக்கு அதை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பதில் பயன் எதுவும் இல்லை.

மாத்திரையாகவோ கையில் ஊசியாகவோ கொடுத்தால்?

போகும், ஆனால் குறைவாக. மூளைக்கு இருப்பதுபோல உள்காதுக்கும் ரத்தத்திலிருந்து கண்டதும் நுழையாதபடி ஒரு தடுப்பு உண்டு. காக்ளியாவின் ஒரு அறையில் பொட்டாசியம் மிகுந்த திரவம் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தோடு நிற்கிறது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச்செல்கள் வேலை செய்ய அந்த மின்சாரம் வேண்டும். அது குலையக் கூடாது என்றுதான் இவ்வளவு காவல். விளைவு, காதுக்குக் கொஞ்சம் மருந்து சேர வேண்டுமென்றால் உடம்பு முழுவதும் நிறைய மருந்து ஓட வேண்டியிருக்கிறது.

காதுக்குள் ஊசி என்றால் என்ன செய்வார்கள்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயப்படாதவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. உண்மையில் நடப்பது இவ்வளவுதான். உங்களைப் படுக்க வைத்து, தலையை மறுபக்கம் திருப்பி, மைக்ரோஸ்கோப் வழியாக டாக்டர் செவிப்பறையைப் பார்ப்பார். முதலில் அந்த இடத்தை மரத்துப்போக வைப்பார்கள். சில இடங்களில் லிக்னோகைன் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்கள், சில இடங்களில் க்ரீம். பிறகு நீளமான, முடிபோல் மெல்லிய ஊசி. செவிப்பறையில் ஒரு சின்ன துளை. நடுக்காதுக்குள் அரை மில்லி அளவுக்கு மருந்து. ஊசி உள்காதைத் தொடுவதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மருந்தை நடுக்காதில் நிரப்பிவிட்டு, மீதி வேலையை ஒரு சவ்விடம் விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சவ்வு இருக்கும் இடத்துக்கு வட்டச் சாளரம் என்று பெயர். காக்ளியாவின் அடிப்பகுதியில் எலும்பு இல்லாத சின்ன ஜன்னல் அது. அதை மூடியிருக்கும் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மருந்து அதில் கசிந்து மெதுவாக உள்ளே இறங்கும். மெதுவாக என்பதால்தான், ஊசி போட்ட காது மேலே இருக்கும்படி 15 முதல் 30 நிமிடம் வரை அசையாமல் படுக்கச் சொல்வார்கள். பேசாதே, எச்சில் விழுங்காதே, கொட்டாவி விடாதே என்பார்கள். கேலியாகத் தோன்றும். ஆனால் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் திறக்கிறது, மருந்து அதில் வடிந்துவிடுகிறது. பாதி நேரத்தில் “டாக்டர், கசக்குது” என்று எழுந்து உட்காருபவர்கள் உண்டு. அந்தக் கசப்பு, காதில் இருக்க வேண்டிய மருந்து தொண்டைக்கு வந்ததன் ருசி. எச்சில் ஊறினால் துப்பிக்கொள்ள ஒரு துணி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்குமா? தலை சுற்றுமா?

சுருக்கென்று ஒரு வலி, கொஞ்ச நேரம் எரிச்சல். மருந்து குளிர்ச்சியாக இருந்தால் சில நிமிடங்களுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றும். உள்காதின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று குளிர்ந்தால் அப்படித்தான் ஆகும். உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் இது குறையும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தைப் பார்த்தால், கொஞ்சம் சூடாகட்டுமே என்று தாராளமாகக் கேளுங்கள், தப்பில்லை. துளை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாமல் நின்றுவிடலாம், சிலருக்கு நடுக்காதில் சீழ் பிடிக்கலாம். அதனால்தான் மறுபடி வரச் சொல்கிறார்கள்.

எந்த நோய்க்கு இந்த ஊசி?

முக்கியமாக இரண்டு. ஒன்று, திடீரென்று வரும் நரம்புச் செவிட்டுத்தன்மை. இதற்கு ஸ்டீராய்டு. இன்னொன்று மெனியர்ஸ் என்ற தலைசுற்றல் நோய். அதைப் பிறகு சொல்கிறேன்.

திடீர் செவிட்டுத்தன்மை என்றால், 3 நாட்களுக்குள், ஆடியோகிராமில் அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் குறைந்தது 30 டெசிபல் கேட்பு போயிருப்பது. இது ஏட்டுக் கணக்கு. வீட்டில் அது எப்படி வரும் தெரியுமா? காலையில் எழுந்திருக்கும்போது ஒரு காது அடைத்தமாதிரி இருக்கும். கொய்ங்கென்று இரைச்சல். போனை அந்தக் காதில் வைத்தால் எதிராளி பேசுவது கேட்காது. வலி இருக்காது. வலி இல்லாததுதான் ஆபத்து, ஏனென்றால் யாரும் பதறமாட்டார்கள். “குளிக்கும்போது தண்ணி பூந்துடுச்சு”, “சளி பிடிச்சிருக்கு”, “ஏசி பஸ்ல வந்தேன்” என்று காரணம் கிடைத்துவிடும். நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி விடுவார்கள். மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து, அது 5 நாள். அப்புறம் ஞாயிறு, அப்புறம் ஒரு கல்யாணம். அறைக்கு வரும்போது மூன்று வாரம் ஓடியிருக்கும். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா, “இத்தினி நாளா எண்ணெய் விட்டேனே, அடைப்பு விடவே இல்லயே தம்பி” என்றார். காதில் அழுக்கே இல்லை. ஆடியோகிராமில் கோடு 80 டெசிபலுக்கும் கீழே கிடந்தது, கோடு இறங்க இறங்கக் கேட்பு மோசம் என்று அர்த்தம்.

அடைப்பா, நரம்பா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஒரு சின்ன சோதனை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று நீட்டி முனகுங்கள். அந்த ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அழுக்கோ சளியோ நடுக்காதுச் சிக்கலோ இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் பலமாகக் கேட்டால் நரம்புக் கோளாறு என்று சந்தேகப்படலாம், அன்றைக்கே கிளம்புங்கள். சந்தேகம் இருக்கிறதா? விரலால் ஒரு காதை அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், அடைத்த பக்கம்தான் ஓங்கிக் கேட்கும், புரிந்துவிடும். டாக்டர் உங்கள் நெற்றியில் ட்யூனிங் ஃபோர்க் என்ற அதிரும் கவையை வைத்துச் செய்வதும் இதேதான். இது முடிவான பரிசோதனை அல்ல. கிளம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க உதவும், அவ்வளவே.

எங்கே போவது? எத்தனை நாளுக்குள்?

காது மூக்கு தொண்டைப் பிரிவும் ஆடியோகிராம் வசதியும் இருக்கும் இடத்துக்கு. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஜிப்மர் என்றால் விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள், சீட்டு வரிசை அப்படி. வரிசையில் நிற்கும்போது “காது சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “நேற்று முன்தினம் காலையிலிருந்து வலது காது திடீரென்று கேட்கவில்லை” என்று நாளோடு சொல்லுங்கள். சொல்லும் விதத்தில் அவசரம் தெரிய வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 2 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம், முதல் சில நாட்களிலேயே ஆரம்பித்தால் இன்னும் நல்லது. மாத்திரையில் கேட்பு முழுதாகத் திரும்பாதவர்களுக்கு, காது போன நாளிலிருந்து 2 முதல் 6 வாரத்துக்குள் காதுக்குள் ஊசி போடலாம் என்பது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு 2019இல் புதுப்பித்த வழிகாட்டுதல். நம்மூர் டாக்டர்கள் பலரும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போகிறார்கள். அதையும் தாண்டி வருபவர்களிடம் “பார்க்கலாம்” என்பார்கள். அந்தப் “பார்க்கலாம்” எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு ஆகாதே?

இந்த ஊசிக்கு இருக்கும் பெரிய நியாயமே இதுதான். பிரெட்னிசோலோன் மாத்திரையை இந்த நோய்க்கான அளவில் 2 வாரம் சாப்பிட்டால் சர்க்கரை எகிறும், பிரஷர் ஏறும், தூக்கம் கெடும், வயிறு எரியும். காதுக்குள் போடும் டெக்ஸாமெத்தசோனோ மெத்தில்பிரெட்னிசோலோனோ ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். அதனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், கண்ணில் அழுத்தம் உள்ளவர்களுக்கு முதலிலேயே ஊசியை யோசிக்கலாம்.

“மாத்திரையைவிட ஊசி மட்டமா?” என்று கேட்பீர்கள். 2011இல் அமெரிக்காவில் 250 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு தினம் 60 மில்லிகிராம் மாத்திரை, இன்னொரு பகுதியினருக்கு 2 வாரத்தில் 4 ஊசி. 2 மாதம் கழித்துப் பார்த்தபோது மாத்திரைக்காரர்களுக்குச் சராசரியாக 30.7 டெசிபலும் ஊசிக்காரர்களுக்கு 28.7 டெசிபலும் கேட்பு கூடியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே சர்க்கரைக்காரர் ஊசி கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஒன்றும் குறைந்துவிடாது. சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கடைசி ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஊசி போட்டால் கேட்பு முழுசாகத் திரும்புமா?

சத்தியம் பண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு எதுவும் செய்யாமலே ஓரளவாவது திரும்பும் என்று பழைய கணக்குகள் சொல்கின்றன. அதனால் ஊசியால் வந்ததா, தானாக வந்ததா என்று ஒரு தனி ஆளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எண்ணெய் விட்டுக் குணமானது என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தானாக வந்திருக்கிறது, பெயர் எண்ணெய்க்குப் போய்விட்டது.

ஆரம்பத்திலேயே முக்கால்வாசிக்கு மேல் கேட்பு போனவர்கள், தலைசுற்றலோடு வந்தவர்கள், வயதானவர்கள், தாமதமாக வந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்புக் குறைவு. ஒரு காதில் மட்டும் கேட்பு போனால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். கேட்பு நரம்பில் சின்னக் கட்டி இருந்தால் அது தெரியவரும். வீண் செலவு என்று தவிர்க்காதீர்கள்.

அரை மில்லி மருந்தில் எவ்வளவுதான் உள்ளே போகும்?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. மிகக் கொஞ்சம். ஆனால் உள்காதில் இருக்கும் திரவமே ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், மாத்திரையால் கிடைப்பதைவிட அங்கே செறிவு பல மடங்கு கூடுகிறது. சிக்கல் வேறு இடத்தில். உள்காதுத் திரவம் ஓடுகிற திரவம் இல்லை, கிட்டத்தட்டத் தேங்கி நிற்பது. மருந்து வட்டச் சாளரத்தில் இறங்கி, சுருளில் மெதுவாகப் பரவிப் போக வேண்டும். வழியில் ரத்தக்குழாய்கள் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். வீராணம் பாசனத்தில் தலைமடைக்காரர் வயல் நிரம்பி, கடைமடைக்காரர் வானத்தைப் பார்க்கும் கதைதான். சுருளின் அடிப்பகுதி, அதாவது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகளைக் கேட்கும் இடம், வேண்டியமட்டும் வாங்கிக்கொள்ளும். உச்சியில் இருக்கும் கீழ்சுருதிப் பகுதிக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

இதைச் சரிசெய்யத்தான் நடுக்காதில் கட்டியாகி நாள்கணக்கில் தங்கும் ஜெல் மருந்துகளைச் செய்து பார்த்தார்கள். மெனியர்ஸுக்காக ஸ்டீராய்டு ஜெல் ஒன்று கடைசிக்கட்டப் பரிசோதனை வரை வந்து 2021இல் தோற்றது. காதுக்குள் ஊசி போட்டு மயிர்ச்செல்களை மறுபடி முளைக்க வைப்போம் என்று கிளம்பிய எஃப்எக்ஸ்-322 என்ற மருந்தும் 2023இல் மருந்தில்லாத வெற்று ஊசியைவிட மேலாக எதையும் செய்யவில்லை என்று கைவிடப்பட்டது. “செவிட்டுக்கு மருந்து வந்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை எனக்குக் காட்டுபவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

மெனியர்ஸுக்குப் போடும் ஊசி வேறு மருந்தா?

இரண்டு வகை. மெனியர்ஸ் என்றால் தலைசுற்றல், காது அடைப்பு, இரைச்சல், கேட்புக் குறைவு நான்கும் அலையலையாக வருவது. உப்பைக் குறைத்து, மாத்திரை சாப்பிட்டும் தலைசுற்றல் அடங்காதபோது ஊசி. முதலில் பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதற்கும் அடங்காவிட்டால் ஜென்டாமைசின். இது ஆன்டிபயாட்டிக்தான், ஆனால் இங்கே கிருமியைக் கொல்லப் போடுவதில்லை. அந்தக் காதின் சமநிலைச் செல்களை வேண்டுமென்றே முடக்கப் போடுகிறார்கள். மாறிமாறித் தப்பான செய்தி அனுப்பும் காதை மௌனமாக்கிவிட்டால், மற்றக் காதை வைத்து மூளை சமாளித்துக்கொள்ளும்.

விலை உண்டு. ஜென்டாமைசின் சமநிலைச் செல்களைத்தான் அதிகம் தாக்கும் என்றாலும் கேட்புச் செல்களை முழுசாக விட்டுவைக்கும் என்று உறுதி இல்லை. மிச்சமிருக்கும் கேட்பு இன்னும் குறையலாம். போட்ட பிறகு சில வாரங்கள் நடை தள்ளாடும், அந்தச் சமயத்தில் டூவீலர் வேண்டாம், இருட்டில் மாடிப்படி வேண்டாம். 2016இல் வந்த லண்டன் ஆய்வு ஒன்றில் 60 பேருக்கு இரண்டு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், தலைசுற்றலை அடக்குவதில் ஸ்டீராய்டும் சளைக்கவில்லை. கேட்பு நன்றாக இருக்கும் காது என்றால் நானாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டைத்தான் கேட்பேன்.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்து காதைக் கெடுக்குமா?

கெடுக்கும், சில மருந்துகள். நாம் அழைக்காமலே உள்காதுக்குப் போய்ச் சேருபவை இவை. டிபிக்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின், அமிகாசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின். உள்ளே போவதும் மெதுவாக, வெளியேறுவதும் மெதுவாக. சிஸ்பிளாட்டின் காக்ளியாவில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஊசி நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூடக் கேட்பு குறையலாம். முதலில் மேல்சுருதி போகும். பேச்சு கேட்கிறதே என்று ஆள் ஏமாந்துவிடுவார்.

அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்டு காது போயிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தாய்வழியாக மட்டும் வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன டிபி ஊசி வகை ஆன்டிபயாட்டிக் கொஞ்சம் போட்டாலே கேட்பு போய்விடும். “எங்க ஆயாவுக்கும் சின்ன வயசில் ஊசி போட்டுத்தான் காது போச்சாம்” என்ற வீட்டுப் பேச்சு வெறும் பேச்சாக இல்லாமலிருக்கலாம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத டிபிக்கு இப்போது ஊசி இல்லாமல் மாத்திரையாகவே சிகிச்சை வந்துவிட்டது. 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் கானாமைசினை டிபி சிகிச்சைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது. சிஸ்பிளாட்டின் எடுக்கும் குழந்தைகளின் கேட்பைக் காக்க, மருந்து ஏறி 6 மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்ஃபேட் ஏற்றும் முறைக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, அதுவும் பரவாத கட்டிகளுக்கு மட்டும். இந்த மருந்துகளை ஆரம்பிக்கும் முன் ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோடு இல்லாமல் எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

காதில் ஓட்டை, சீழ் வடிகிறது. எந்தச் சொட்டும் போடலாமா?

கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சொட்டு மருந்து நடுக்காதுக்குப் போய் வட்டச் சாளரத்தில் உட்கார்ந்துவிடும், மேலே சொன்ன அதே ஊசி வழிதான். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகளை அப்போது தவிர்ப்பது நல்லது. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் சொட்டுகள் உள்காதுக்குப் பாதுகாப்பானவை. வீட்டில் போன வருடம் மிச்சம் வைத்த பாட்டிலை எடுத்து விடாதீர்கள். எண்ணெயும் வேண்டாம்.

வெறும் இரைச்சலுக்கு இந்த ஊசி உதவுமா?

பழைய இரைச்சலுக்கு உதவும் என்று நம்பும்படி சான்று இல்லை. அதற்கு மட்டும் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு?

பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்றைக்கு வழி, சீக்கிரம் கண்டுபிடித்துக் கேட்புக் கருவி அல்லது காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் மின்கருவி). ஆனால் ஒரு வகைக்கு மட்டும் கதை மாறத் தொடங்கியிருக்கிறது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்தின் மரபணு பழுதான குழந்தைகளுக்கு மயிர்ச்செல் உயிரோடுதான் இருக்கும், நரம்புக்குச் செய்தி கடத்த மட்டும் தெரியாது. ஷாங்காயில் ஃபுடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் நல்ல மரபணுவை வைரஸில் ஏற்றி வட்டச் சாளரம் வழியாகச் செலுத்தினார்கள். மரபணு பெரியது என்பதால் இரண்டாக வெட்டி இரண்டு வைரஸில் அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் வெளியான முடிவில் 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்பு வந்திருந்தது. பிறவிச் செவிடு எல்லாவற்றிலும் இந்த வகை சிறிய பங்குதான். செல்லே இல்லாத காதுக்கு இது உதவாது. ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள், போனால் போனதுதான், மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை.

ஊசி போட்ட பிறகு குளிக்கலாமா, கடலில் இறங்கலாமா?

துளை மூடியது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை காதில் தண்ணீர் படக்கூடாது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம். தலைக்குக் குளிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடாது. கடலில் முங்குவது, நீச்சல் இரண்டும் இப்போதைக்கு இல்லை. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ சாமி பார்க்கப் போகிறீர்களா, போங்கள், கரையிலேயே நின்று தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். மேளத்துக்கும் வெடிக்கும் பக்கத்தில் நிற்காதீர்கள். சீழ், காய்ச்சல், நிற்காத தலைசுற்றல் இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். கடைசி ஊசி முடிந்து ஆடியோகிராம் எடுக்கச் சொன்ன தேதிக்குக் கேட்பு வந்துவிட்டது என்று தோன்றினாலும் வாருங்கள், பழைய ஆடியோகிராமையும் கையோடு கொண்டுவாருங்கள்.